ஒரு செம்பு மழை

துரை தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளில் இன்று மிச்சம் இருப்பவர்கள் ஒன்பது பேர். யார் வீட்டுக் கல்யாணத்தில் கூடினாலும், பந்தி முடிந்து நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டதும், அந்த மழையின் பேச்சை எடுக்காமல் நாம் எழுந்ததில்லை. உங்களில் நாலு பேர் அதை அம்மன் ஊற்றினாள் என்பீர்கள். இன்னும் மூன்று பேர் துரையே ஊற்றிக்கொண்டார் என்பீர்கள். அது என் தகப்பனாரிடமிருந்து கிளம்பிய கதை. நான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஊற்றியது நான்தான். எந்தக் கிழமை, எத்தனை மணி, எவ்வளவு என்று வரிசையாக எழுதிவிடுகிறேன். போன மாதம் ஒரு செய்தி கேட்டேன். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நாள், சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை. என் தம்பி அது அடுத்த ஆண்டு என்று சாதிப்பான். அடுத்த ஆண்டு துரையின் கிழட்டு நாய் உயிரோடு இல்லை. மழை அளந்த அன்று காலை அது எல்லோர் காலடியிலும் புகுந்து புழுதியைக் கிளப்பியதை நான் பார்த்தேன். ஆகவே இதில் வாதம் வேண்டாம்.

பேரப்பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் துரையைப் பற்றிக் கொஞ்சம். சுதந்திரம் வந்ததும் மற்ற வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போனார்கள். இவர் ஊத்துக்கோட்டைக்குத் தெற்கே, ஏரிக்கரையோரம், தான் வாங்கிய நிலத்திலேயே தங்கிவிட்டார். மனைவி மக்கள் இல்லை. மாந்தோப்பு, மாட்டுக்கொட்டகை, நெல் நிலம், ஓட்டுக் கூரை போட்ட பங்களா. தன் ஊரில் தன் அப்பா எப்படிப் பண்ணையம் செய்தாரோ அப்படியே இங்கேயும் செய்வது என்று முடிவு கட்டியிருந்தார். வெயில்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

காலை ஏழு மணிக்கு, தோட்டத்து மேஸ்திரியான என் தகப்பனார் புளியமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஏழு அடி அடிப்பார். ஏழாவது அடிக்குத் துரை பங்களாப் படியில் நிற்பார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட கம்பளிக் காலுறை, கையில் பிரம்பு. முதலில் மழை அளவு. பிறகு ஆட்களுக்கு வேலை. பிறகு தோட்டத்தைச் சுற்றுவது. வேலி, வாய்க்கால், ஒட்டு மாஞ்செடி ஒன்றையும் விடமாட்டார். ஒவ்வொரு மாட்டின் மூக்கையும் தொட்டு ஈரம் பார்ப்பார். பத்து மணிக்கு ஓட்ஸ் கஞ்சி. அப்புறம் கடிதங்கள். ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டு முதல் மூன்றரை வரை தூக்கம், நாலேகாலுக்குப் பங்களாவுக்குப் பின்னால் புல்தரையில் பிரம்பு நாற்காலி போட்டுத் தேநீர். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனி ஆளாக மேசையில் உட்காருவதற்குக் கோட்டும் டையும் போட்டுக்கொள்வார். யார் பார்க்கப்போகிறார்கள் தொர என்று சமையல்காரர் ஒருநாள் கேட்டாராம். "நீ பாக்குறியே" என்றாராம் துரை.

அவருடைய தமிழ் முழுக்க அந்தச் சமையல்காரரிடம் கற்றது. தாசில்தார் வந்தாலும் "இன்னாயா, குந்து" என்பார். தாசில்தாரும் குந்துவார். வயல்களுக்கெல்லாம் தன் ஊர் வயல்களின் பெயரை வைத்திருந்தார். ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை அவர் லோயர் மெடோ என்றார். நம் ஆட்கள் அதை லோருமேடு ஆக்கினார்கள். தோட்டத்திலேயே பள்ளமான நிலம் அதுதான்.

அவர் உயிரை வைத்திருந்தது இரண்டு விஷயங்களில். ஒன்று அந்தப் புல்தரை. விதை பெங்களூரிலிருந்து வந்தது. கிணற்று ஆயில் இன்ஜின் தினமும் இரண்டு மணி நேரம் அதற்காகவே ஓடும். வைகாசி வெயிலில் சுற்றுவட்டாரம் முழுக்க வெந்து கிடக்கும்போது அது மட்டும் பச்சையாக இருக்கும். வெறுங்காலோடு ஒருமுறை அதில் நின்றிருக்கிறேன். நனைந்த பூனைக்குட்டியின் முதுகில் நிற்பதுபோல் கூசியது.

இரண்டாவது, கேட்டுகள். தோட்டத்தில் எல்லாக் கேட்டுக்கும் ஒரு கொக்கி உண்டு. கொக்கியைப் போட்ட பிறகு தூணின் தலையில் ஒரு கம்பி வளையத்தையும் மாட்ட வேண்டும். கொக்கியை மாடு மூக்கால் தள்ளிவிடும், கம்பியைத் தள்ளாது. காலனி ஆட்கள் யாரும் கம்பி மாட்டுவதில்லை என்பது துரையின் தினசரிப் புகார். மேஸ்திரி வீட்டுப் பிள்ளைகளான எங்களுக்கு அது நடக்கக் கற்றபோதே பழகிவிட்டது.

மழைமானிக்கும் அப்படி ஒரு சின்ன வேலியும் கேட்டும் உண்டு. பங்களாவுக்கு முன்னால் வெட்டவெளியில், உள்ளங்கை அகலச் செம்புப் புனல், அதற்குக் கீழே ஒரு குப்பி. குப்பியில் விழுந்த தண்ணீரைத் துரை கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதுவார். எழுதியதை அடித்துத் திருத்திய வழக்கம் அவருக்குக் கிடையாது.

அதற்கு முந்தைய ஆண்டு, சித்திரையில், வானம் கறுக்கிறது, மழை நிச்சயம் என்று ஆட்கள் எல்லோரும் சொன்னதை நம்பி லோருமேட்டில் சொர்ணவாரி நட்டார். சொர்ணவாரி என்பது நம் பக்கத்துக் கோடை நெல். மழை வரவில்லை, ஆனியில் ஏரி வற்றியது. பால் பிடித்த கதிர் நின்ற இடத்திலேயே வெளுத்துப்போனது. துரை நாலு நாள் வரப்பில் நின்று அதைப் பார்த்தார். பிறகு ஒரு சட்டம் போட்டார். பங்குனி முதல் நாளிலிருந்து சித்திரை முடியும்வரை மூன்று அங்குலம் பெய்தால் சொர்ணவாரி உண்டு. பெய்யாவிட்டால் ஏரியில் இருக்கும் தண்ணீர் மாடுகளுக்கும் மாஞ்செடிகளுக்கும்தான். யார் வந்து கெஞ்சினாலும் ஒரே பதில், "நான் சொல்லல. கிளாசு சொல்லுது."

அப்போது அதைக் கல்நெஞ்சு என்று நினைத்தோம். ஆட்களின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது, அதற்காகத்தான் ஒரு கண்ணாடிக் குழாயை முன்னால் நிறுத்தினார் என்று இப்போது தோன்றுகிறது.

நான் சொல்லும் சித்திரையில், கடைசி வாரம்வரை பெய்தது ஒன்றேகால் அங்குலம். நடவு இல்லை என்றால் காலனியில் வேலை இல்லை. ரெட்ஹில்ஸ் பக்கத்துச் செங்கல் சூளைக்கு ஆள் ஏற்ற ஞாயிற்றுக்கிழமை லாரி வருவதாக ஏற்பாடாகிவிட்டது.

அதில் போகவிருந்த குடும்பங்களில் ஒன்று நீர்க்கட்டியின் குடும்பம். ஏரி மதகுச் சாவியை வைத்துக்கொண்டு எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து விடுகிறவர் அவர். அவர் மகளும் நானும் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தோம். ஜூனில் ஊத்துக்கோட்டைப் பெரிய பள்ளியில் ஆறாவது சேர வேண்டும். அதற்கென்று ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் எங்களிடம் இருந்தது. தகர டப்பா, மூடியில் மஞ்சள் ஒட்டகம். ஒன்றுதான் என்பதால் உள்ளே இருப்பதைப் பிரித்துக்கொண்டோம். கவராயம் அவளுக்கு, பாகைமானி எனக்கு, பென்சில் ஆளுக்கு ஒரு வாரம். சூளைக்குப் போன பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை. அவளுக்கும் அது தெரியும்.

வியாழக்கிழமை மாட்டுத்தொட்டியருகே கவராயத்தை என் கையில் திணித்தாள்.

"நீயே வச்சிக்கோ. அங்க போயி இன்னாத்துக்கு, செங்கல்லுக்கு வட்டம் போடவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ராத்திரி முழுக்கக் கூட்டல் போட்டேன். மூன்றிலிருந்து ஒன்றேகாலைக் கழித்தால் ஒன்றேமுக்கால். அங்குலம் என்றால் கட்டைவிரல் அகலம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எவ்வளவு தண்ணீர் ஓர் அங்குலம் ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. எண்ணெய் தேய்த்துக் குளித்த அம்மா, வாசலில் கண்ணை மூடிக்கொண்டு தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். குளியல் செம்பு வெறுமனே கிடந்தது. மாட்டுத்தொட்டியில் நிறைய மொண்டேன். கனம் தாங்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தேன். பாதித் தூரத்தில் கொஞ்சம் காலில் சிந்தியது. மழைமானிக் கேட்டைத் திறந்து, புனலில் சாய்த்தேன். தண்ணீர் ஒருமுறை மூச்சுத் திணறி உள்ளே இறங்கிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பிறகு ஓடினேன். கேட்டைச் சாத்தியது நினைவில் இல்லை. சாத்தியிருப்பேன், கை தானாகச் செய்கிற வேலை அது.

சனிக்கிழமை ஏழு அடி அடித்தாயிற்று. துரை குப்பியை எடுத்தார், எடுத்த கை ஒரு கணம் நின்றது. அந்தக் கண்ணாடிக் குழாய் அரை அங்குல மழைதான் கொள்ளும். ஊற்றினார், நிறைந்தது. கீழே கொட்டினார். மறுபடியும் நிறைந்தது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது குழாய் பாதி வந்தது. கொட்டிய தண்ணீரைத் தரை உறிஞ்சிக்கொண்டது. சுற்றி எங்கும் பொட்டு ஈரமில்லை. நாய் உடம்பை உதறிப் புழுதி கிளப்பியது. கடைசியில் நீர்க்கட்டிதான் வாயைத் திறந்தார்.

"ஏரிக்கரை அம்மா ஊத்திகிறா தொர."

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துரை வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வேலிக் கேட்டை வெகு நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து எழுதினார். இரண்டேகால். பழையதோடு சேர்த்து மூன்றரை. நடவு உண்டா இல்லையா என்று யாரும் கேட்கத் துணியவில்லை. நாளைக்குச் சொல்வதாக அவரே சொல்லிவிட்டு உள்ளே போனார். சுற்றுக்குக்கூடக் கிளம்பவில்லை.

மதியம் என் தகப்பனார் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் மதகுச் சாவி இருந்தது. நீர்க்கட்டியிடமிருந்து வாங்கிவந்துவிட்டார். அவன் வயிற்றுப்பாட்டுக்காக ஊற்றியிருக்கிறான், துரை கண்டுபிடித்தால் போலீஸ்வரைக்கும் போகும், அதற்கு முன்னால் நானே அவனை நிறுத்திவிட்டால் இதோடு போகும் என்று அம்மாவிடம் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்றுவதாகவே நம்பினார்.

"அவரு இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"சரி மேஸ்திரின்னு சாவிய எட்த்துக் குட்த்தான். ஒரு வார்த்த இல்லன்னு சொல்லல. அதுலயே தெரில?"

நாலேகாலுக்கு நான் புல்தரைக்குப் போனேன். அதுவரை நான் துரையிடம் தனியாகப் பேசியதே கிடையாது. வேலியருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"இன்னாமே?" என்றார்.

"கிளாசுல நான்தான் தொர ஊத்தினேன்."

கோப்பையைத் தட்டில் வைத்தார். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வேறு ஏதோ வந்தது.

"எவ்ளோ ஊத்தினே?"

"ஒரு செம்பு."

"முழு செம்புமா?"

"கொஞ்சம் கால்ல சிந்திச்சு."

அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்து, தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "ரெண்டு நாளு, அரை அரை செம்பா ஊத்தணும்மே. நான் நம்பியிருப்பேன்."

எதற்கு என்று கேட்டார். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து சூளை லாரிவரை எல்லாம் சொன்னேன். நீர்க்கட்டியிடம் சாவி வாங்கியதையும் சொன்னேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் இல்ல, எனக்குத் தெரியும். கேட்டுல கம்பி மாட்டிகீது. காலனி ஆளு கம்பி மாட்டமாட்டான். உங்க நைனான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதான் எனக்குப் பேஜாரா பூட்ச்சி."

நோட்டில் அடித்துவிடுவாரா என்று கேட்டேன்.

"அந்தப் புக்குல நான் ஒண்ணும் அடிச்சது இல்ல" என்றார். "ரெண்டேகாலு. எழ்தியாச்சு."

அதற்குப் பிறகு நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். இடது பக்கம் கிணற்றையும் இன்ஜின் கொட்டகையையும் பார்த்தார். வலது பக்கம் வேலிக்கு அப்பால் சரிந்து இறங்கும் லோருமேட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பச்சை. தேநீர் ஆடை கட்டிவிட்டது. தட்டிலிருந்த இரண்டு பிஸ்கட்டை என்னிடம் நீட்டி, போகும்போது கேட்டைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாளம் அடிப்பதில்லை. அன்று அடிக்கச் சொன்னார். லாரி புளியமரத்தடியில் நின்றது, மூட்டைகள்கூட ஏற்றியாகிவிட்டது. மூன்றரை அங்குலம், சட்டம் சட்டம்தான், லோருமேட்டில் நாற்று விடுங்கள் என்று படியில் நின்று சொன்னார். மூட்டைகள் இறங்கின. ஒரு கோழி இறங்க மறுத்து லாரிக்குள்ளேயே ஓடியதில் டிரைவருக்கு அரை மணி நேரம் போனது. நான் கவராயத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

என் தகப்பனாரைத் துரை தனியே கூப்பிட்டு, ஊற்றியது தானேதான், இனி யாரையும் ஒரு கேள்வி கேட்கக்கூடாது, சாவியைத் திருப்பிக் கொடு என்று சொல்லியிருக்கிறார். நைனா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் குரலில் அப்படி ஒரு வாஞ்சை. தான் போட்ட சட்டத்தைத் தானே மீற வெட்கப்பட்டுக்கொண்டு மனுசன் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் பார் என்றார். சாகும்வரை அப்படியே நம்பினார். நானும் விட்டுவிட்டேன்.

நோட்டில் மூன்றரை இருந்தது. ஏரியில் இல்லை. ஏரித் தண்ணீர் நடவுக்குச் சரியாகப் போகும், அதற்கு மேல் தாங்காது என்பது நீர்க்கட்டிக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை நாலு ஆட்கள் மண்வெட்டியோடு புல்தரைக்கு வந்தார்கள். கிணற்றடியிலிருந்து லோருமேடுவரை, நடுப் புல்தரையைக் கிழித்துக்கொண்டு, முழங்கால் ஆழத்துக்கு நேராக ஒரு வாய்க்கால். சமையல்காரர் பார்க்கப் பிடிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டார். துரை இரண்டு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு பிடித்து, கோணல் இல்லாமல் வெட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

வைகாசி முடியும்போது ஏரி தரை தட்டியது. அன்றிலிருந்து இன்ஜின் தண்ணீர் முழுக்க லோருமேட்டுக்கு. வாய்க்காலின் இரு ஓரத்திலும் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பச்சை மிஞ்சியது. மற்றதெல்லாம் ஆனியில் பாய் நிறத்துக்கு வந்து, ஆடியில் மண் தெரிந்தது. நாலேகாலுக்குத் தேநீர் நிற்கவில்லை. நாற்காலியை வாய்க்கால் ஓரம் போடச் சொல்லி, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். துரைக்கு வயதாகிவிட்டது, டீசலுக்குக் கணக்குப் பார்க்கிறார், புல்லைக்கூடக் காயவிடுகிறார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். என் அம்மாவும் பேசினாள். அவளுடைய செம்பு அங்கே மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

ஆடி மூன்றாம் வாரம் நிஜ மழை வந்தது. ஆவணியில் லோருமேடு அறுவடை. முதல் நெற்கட்டைத் துரை தன் தோளில் வைத்துக் களத்துக்குக் கொண்டுவந்தார். சுணை பட்டு இரண்டு நாள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். மறு ஆண்டு அந்தச் சட்டத்தின் பேச்சை அவர் எடுக்கவில்லை. வாய்க்காலுக்குச் செங்கல் கட்டினார்கள். புல்தரை திரும்ப வரவேயில்லை. நான் பத்தாவது படிக்கும்போது அவர் காலமானார். மழை நோட்டுகள், புனல், கண்ணாடிக் குழாய் எல்லாம் எங்கே போயின என்று பல இடங்களில் விசாரித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கும் ஒரு பெரிய கிடங்கு.

நீர்க்கட்டியின் மகள் பத்தாவது முடித்தாள், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றாள். நம் ஒன்பதில் அவளும் ஒருத்தி. மழைப் பேச்சு வரும்போது வாயே திறக்காதவள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது கும்மிடிப்பூண்டியில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். தேர்வாய் கண்டிகையில் வேலை செய்யும் அவள் பேரன், ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏற அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். அவன் போன பிறகு, இத்தனை ஆண்டு கழித்து, அவளிடம் சொன்னேன்.

"தெரியும்டி" என்றாள், தட்டை எடுத்துக்கொண்டே.

யார் சொன்னது என்றேன்.

"அப்பாதான். அன்னிக்கு ஏரிக்கரை மேல குந்திக்கினு இருந்தாராம். சின்னப் பொண்ணு, ரெண்டு கையாலயும் செம்பப் புட்ச்சிக்கினு தள்ளாடிக்கினு போவுதேன்னு, ஒரு கை குடுக்கலாம்னு எறங்கி வந்தாரு. அதுக்குள்ள நீ ஊத்திட்டு ஓடிட்டே."

"சாவியக் கேட்டப்போ ஒண்ணும் சொல்லலியே அவரு."

"இன்னாத்த சொல்றது? மேஸ்திரி பொண்ணு ஊத்துச்சின்னு மேஸ்திரி கிட்டயேவா?" குழாயைத் திறந்து தட்டைக் கழுவினாள். "வந்து பாத்தா, கேட்டு தொறந்து கெடந்துச்சாம். தொர பாத்தா கத்துவாருன்னு கொக்கியப் போட்டு, கம்பியையும் மாட்டிட்டு வந்தாராம்."

கேட்டைச் சாத்தியிருப்பேன் என்று, போன மாதம்வரை நம்பியபடியே மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப்போவதில்லை. சாத்தியவர் நீர்க்கட்டி என்று இங்கே எழுதிவைக்கிறேன்.